உள்ளங்கால் மெலனோமா: மருந்தை உடனே தொடங்கவா, ஆய்வில் இடம் பார்க்கவா?

பொதிகைச்சாரல்: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அம்மாவுக்கு உள்ளங்காலில் மெலனோமா (நிறமிச் செல்லில் வரும் தோல் புற்றுநோய்), கவட்டு நெறியிலும் பரவியிருக்கு. மருந்து ஆய்வில் சேரலாமான்னு வீட்டார் கேட்டிருக்காங்க. முதல் டோஸுக்கு முன்னாடியே தேடுங்க. நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிப் புற்றை அடிக்கிற பெம்ப்ரோலிசுமாப் ஒரு தடவை ஏறிட்டா பல ஆய்வுகளில் இடம் கிடையாது. இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ.ங்கிற அரசுப் பதிவுத் தளத்தில் பதியணும்ங்கிறது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். அங்க ‘மெலனோமா’ மட்டும் போடாதீங்க, ‘சாலிட் டியூமர்’னும் (திடக்கட்டி) தேடுங்க. ஆரம்பக்கட்ட ஆய்வுகள் அந்தப் பேரில்தான் கிடக்கும்.

பாளை வாசகர்: அண்ணாச்சி, இதை நான் ஒத்துக்கிட மாட்டேன். தகுதிச் சோதனைக்கே 28 நாள் வரை ஆகும். அதுக்குள்ள மூளையில் பரவிட்டா ஆய்வும் போச்சு, அறுவையும் போச்சு. மெலனோமாக்காரங்ககிட்ட நடந்த எஸ்1801 ஆய்வு என்ன காட்டிச்சு? அறுவைக்கு முன்னே 3 டோஸ் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தவங்கள்ல 2 வருசம் நோய் திரும்பாம, முத்தாம இருந்தவங்க 72%. எல்லா டோஸையும் அறுவைக்குப் பிறகு போட்டவங்கள்ல 49%. இவ்வளவு தெரிஞ்சும் ஏன் காத்திருக்கணும்?

பொதிகைச்சாரல்: அந்த 72% உள்ளங்கால் வகைக்கு அப்படியே பொருந்தாது தம்பி. அந்த வகைக்கு இந்த மருந்து குறைவாத்தான் கேட்குது. பிராஃப்ங்கிற ஜீனில் மாற்றமும் குறைவு, அதனால அந்த மாற்றத்தைக் குறிவைக்கிற மாத்திரை வழியும் பலருக்கு இல்ல. நம்ம பக்கம் பாதத்தில் வாரதுதான் அதிகம். நம்ம ஆட்கள் சேராம அந்த வகைக்கு மருந்து எப்படி வரும்?

பாளை வாசகர்: அது நியாயம். ஆனா பக்கவிளைவு ராத்திரியில வந்தா? ஒரு நாளில் வழக்கத்தைவிட 4 தடவை கூடுதலா வயித்தால போனாலே மருந்தால் வந்த குடல் அழற்சியான்னு பார்க்கணும். பக்கத்து கிளினிக்கில் வயித்தால போறதை நிறுத்துற லோபராமைடு கொடுத்து அனுப்பிட்டா குடல் ஓட்டையாகுற வரைக்கும் போகும். ஸ்டீராய்டு வேண்டியிருக்கும். ஆய்வு சென்னையில்னா 600 கிலோமீட்டருக்கும் மேல போகணும்.

பொதிகைச்சாரல்: அதுக்குத்தான் ஆய்வில் இருக்கிறதைச் சொல்லும் அட்டையை எப்பவும் கையில் வச்சிருக்கணும், உள்ளூர் டாக்டர்கிட்ட முன்கூட்டியே காட்டணும். ஆய்வால் வந்த பாதிப்புக்கு இலவச சிகிச்சைன்னு 2019-ன் புதிய மருந்து, மருத்துவ ஆய்வு விதிகளே சொல்லுது. பயணச்செலவு உண்டான்னு ஒப்புதல் படிவத்தில் பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க.

திசுக்கூடம்: ரெண்டு பேரும் பிளாக்கை, அதாவது மெழுகில் பதிச்சு வைக்கிற திசுத் துண்டை, மறந்துட்டீங்க. பயாப்ஸி துண்டை 10% நடுநிலை ஃபார்மலினில், துண்டைப்போல 10 மடங்கு அளவில் போடணும். 6 முதல் 72 மணி நேரம், அதுக்கு மேல கிடந்தா டி.என்.ஏ. சிதைஞ்சு ஜீன் சோதனை தோத்துப்போகும். மருவுன்னு நினைச்சு சுட்டு எடுத்தா கட்டியின் ஆழமே தெரியாது. இருக்கிற பிளாக் எல்லாத்தையும் ஒரே இடத்துக்குக் கொடுத்துடாதீங்க. கிட், பிராஃப் ஜீன்களின் சோதனைக்கு ஒண்ணு மிச்சம் வேணும்.

பாளை வாசகர்: அப்ப இப்படிச் செய்யலாம். பிளாக்கை இன்னைக்கே வாங்கட்டும், தேடலையும் ஸ்கேனையும் ஒரே வாரத்தில் நடத்தட்டும். 2 வாரத்தில் ஆய்வுக்காரங்க சேர்க்கும் தேதி சொல்லலைன்னா முதல் டோஸ் போட்டுடணும்.

பொதிகைச்சாரல்: 2 வாரம் சரி. அதுக்கு நடுவுல வேற எதுக்காவது பிரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு எழுதினா உடனே கேளுங்க. நாளுக்கு 10 மி.கி. தாண்டினா பெரும்பாலும் சேர்க்க மாட்டாங்க.