காய்கறில இருக்குற சுகரையும் கணக்குல சேர்க்கணுமா?

கேரட்பிரியை:
லோ கார்ப்ல (கார்போஹைட்ரேட், அதாவது மாவுச்சத்து, குறைச்ச டயட்) இருக்கேன், தானியம் சர்க்கரை பழம் எதையும் தொடறதில்ல, அப்படியும் ராத்திரி சாப்பாட்டுக் கணக்கு போடுற ஆப்பைத் திறந்தா சுகர் 18 கிராம்னு சிவப்புல காட்டுது. நோண்டிப் பாத்தா எல்லாமே வெங்காயம், தக்காளி, கேரட், முட்டைகோஸ்தான். இயற்கையா இருக்குறதுதானே, கழிச்சுடலாமா? இல்ல கார்போட தனியா கூட்டணுமா? கார்ப் 50 கிராமுக்குள்ள நிக்கணும்னு வெச்சிருக்கேன், கூட்டினா தாண்டிடுது, கழிச்சா தாராளமா இடம் இருக்கு 😅

தராசுக்காரன்:
ரெண்டும் வேணாங்க. கார்ப்னு காட்டுற நம்பருக்குள்ளயே ஸ்டார்ச், சுகர், நார்ச்சத்து மூணும் அடக்கம். வெங்காயம் 100 கிராம் எடுத்தா கார்ப் 9 சொச்சம், அதுக்குள்ளதான் அந்த 4 சொச்சம் சுகரும் இருக்கு, திரும்பக் கூட்டினா அதையே ரெண்டு வாட்டி எண்ணுறீங்க. கழிக்கவும் கூடாது, ஏன்னா வெங்காயத்துல இருக்குறதும் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ்தான், இயற்கைன்னு குடல் தள்ளுபடி எல்லாம் தராது. நாரை மட்டும் கழிங்க.

சொல்லப்போனா அந்த சுகர் நம்பரையே பாக்காதீங்க. உருளைக்கிழங்கைத் தேடிப் பாருங்க, 100 கிராம்ல சுகர் 1 கிராம் கூட இருக்காது, ஆனா ஸ்டார்ச் 15 கிராம் கிட்ட, அது செரிச்சு குளுக்கோஸாத்தான் ரத்தத்துக்குப் போகுது. கேரட்ல சுகர் 4.7, ஆனா நார் போக மொத்த கார்ப்பே 7 கிராம் வராது. சுகரை வெச்சு முடிவு பண்ணினா கேரட்டை ஒதுக்கிட்டு உருளையை சாப்பிட்டுட்டு இருப்பீங்க!

மௌனவாசகி:
கழிக்கலாம்ங்கிற பேச்சு எங்கேர்ந்து வருதுன்னா, உலக சுகாதார நிறுவனம் 2015ல சர்க்கரை அளவு பத்தி ஒண்ணு சொன்னாங்க, மொத்த கலோரில 10 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும்னு, அதுல முழுசா சாப்பிடுற பழம் காய்கறில இருக்குற சுகர் சேராது. அது பல் சொத்தை, உடல் எடை இதுக்காக போட்டது. கார்ப் கணக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சோம்பேறி_சமையல்:
நான் கீரை, வெள்ளரி, காலிஃபிளவர் எதையும் எடை போடறதே இல்ல ப்ரோ. பசலைக்கீரை 100 கிராம்ல நார் போக ஒன்றரை கிராம் கூட தேறாது, இதுக்குப் போய் தராசா. வெங்காயம், கேரட், பீட்ரூட் மட்டும்தான் அளப்பேன், அதுவும் வதக்குறதுக்கு முன்னாடியே, ஏன்னா பொன்னிறமா சுருங்கினப்புறம் எடை போட்டு ஆப்ல வதக்காததுன்னு போட்டா கார்ப் பாதியா காட்டும். போனது தண்ணி மட்டும்தான், கார்ப் அப்படியே சட்டிலதான் இருக்கு.

கேரட்பிரியை:
அய்யோ நான் வதக்கினதைத்தான் அளந்துட்டு இருந்தேன் 🤦 இன்னொண்ணு, ஃப்ரோசன் பாக்கெட்ல போட்டிருக்குற கார்ப்லயும் நாரைக் கழிக்கணுமா?

தராசுக்காரன்:
எந்த ஊர் லேபிள்னு பாத்துக்கோங்க. அமெரிக்க லேபிள்ல நார் மொத்த கார்புக்குள்ள இருக்கும், கழிக்கலாம். ஐரோப்பா லேபிள்ல நாரை ஏற்கனவே எடுத்துட்டுத்தான் போடுறாங்க, அதுல மறுபடி கழிச்சா கணக்கு தப்பா குறைஞ்சுடும்.

மௌனவாசகி:
இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுக்குறீங்கன்னா கார்பைக் குறைக்கும்போது சுகர் ரொம்ப இறங்கிட சான்ஸ் இருக்கு, டோஸ் பத்தி டாக்டர்கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க சிஸ்.