பிரேக் டிரம்மின் விளிம்பு மேட்டைத் 'தேய்வரப்பு' என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய கார்களின் பராமரிப்புக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியலில், பின்சக்கர பிரேக் டிரம் (சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணம்) கழலாமல் நிற்பதற்கு 'இறுக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறோம். பட்டறையில் 'ஜாம்' என்பார்கள். இரண்டும் போதாது என்பது என் கருத்து. டிரம் கழலாததற்குக் காரணம் ஒன்றல்ல. ஒன்றுக்குப் பார்க்கும் வைத்தியம் இன்னொன்றுக்குக் கேடு.

முதல் காரணம் துரு. டிரம்மின் நடுத்துளை, சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் கழுத்தில் நெருக்கமாகப் பொருந்தி உட்காரும். ஆண்டுக்கணக்கில் கழற்றாவிட்டால் இடையில் துரு ஏறி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இதற்குத் 'துருக்கட்டு' போதும். பால்கட்டு, நீர்க்கட்டு என்று உடலுக்குச் சொல்கிறோமே, அதே கட்டுதான். துரு இளக்கும் எண்ணெயை நடுத்துளையைச் சுற்றி விட்டு ஊறவைத்து, சக்கர போல்ட்டுகளுக்கு இடைப்பட்ட முகப்பில் சுத்தியலால் தட்டினால் கட்டு விடும். முகப்பில் மரையுள்ள துளைகள் இருந்தால், அவற்றுக்குப் பொருந்தும் போல்ட்டுகளை (பல கார்களில் 8 மி.மீ.) மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குவது இன்னும் நல்லது. ஓரத்தில் மட்டும் அடிக்கக் கூடாது. வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

நமக்குச் சொல் இல்லாதது இரண்டாவது காரணத்துக்கு. பிரேக் போடும்போது டிரம்மின் உட்சுவரில் அழுந்தும் பிறைவடிவ ஷூக்கள் உரசும் பரப்பு நாளடைவில் தேய்ந்து குழிகிறது. ஷூக்களைத் தாங்கும் பின்தட்டை ஒட்டிய வாய்விளிம்பை ஷூ தொடுவதில்லை. அதனால் அங்கே வளையமாக ஒரு மேடு எஞ்சுகிறது. தேய்மானத்துக்கு ஏற்பத் தானாகவே நீளும் அமைப்பு, ஷூக்களை அந்தக் குழிவுக்குள் தள்ளி உட்காரவைக்கிறது. டிரம்மை வெளியே இழுத்தால் மேடு ஷூவின் ஓரத்தில் மாட்டிக்கொள்கிறது.

என் காரில் இதைத் தெரியாமல் துரு என்றே எண்ணி இரண்டு நாள் அடித்தேன். டிரம் கையால் சுற்றியது. நகத்தின் கனம் அளவுக்கு வெளியேயும் வந்தது. பிறகு கிரீச்சென்று நின்றது. நெம்பிக் கழற்றியபோது ஷூவைப் பின்தட்டோடு பிடித்திருந்த ஊசியின் தலை பிய்ந்து, ஸ்பிரிங் தெறித்தது. மறுபக்கச் சக்கரத்தில் நிதானமாகச் செய்தேன். கைப்பிரேக்கை விடுவித்து, பின்தட்டின் ரப்பர் அடைப்பை எடுத்து, ஒரு திருப்புளியால் அந்தத் தானாக நீளும் அமைப்பின் நெம்புகோலை விலக்கிப் பிடித்து, இன்னொன்றால் அதன் பல்சக்கரத்தைப் பத்துப் பதினைந்து பல் பின்னுக்குச் சுழற்றினேன். ஷூக்கள் சுருங்கின. டிரம் இரண்டு கைக்குள் வந்துவிட்டது. உள்ளே விரலை ஓட்டினேன். வழவழவென்று போய் ஓரத்தில் நகம் தட்டியது. வயலில் நடந்து வரப்பில் கால் இடறுவதுபோல இருந்தது. 'தேய்வரப்பு' என்ற சொல் அப்போது தோன்றியது.

நண்பர் ஒருவர் முன்மொழிந்த 'விளிம்பு மேடு' தவறில்லை. ஆனால் மேடு எப்படி வந்தது என்பதை அது சொல்லவில்லை. 'தேய்வரம்பு' என்றால், எவ்வளவு தேயலாம் என்ற அளவோடு குழம்பும். டிரம்மிலேயே பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைக் குறிக்க 'தேய்மான வரம்பு' என்ற சொல் நமக்குத் தனியாக வேண்டும்.

தேயாமல் எஞ்சிய பகுதிக்குத் 'தேய்' என்ற அடைமொழி எதற்கு என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆடுகளத்தில் களம் ஆடுவதில்லை. சுடுகாட்டில் காடு சுடுவதில்லை. வினைத்தொகையில் பெயர் வினையைச் செய்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. தேய்வதால் எழும் வரப்பு, தேய்வரப்பு. தேயத் தேய அது உயர்ந்துகொண்டே போவதால் முக்காலமும் பொருந்துகிறது.

இந்தச் சொல் டிரம்மோடு நின்றுவிடாது. டிஸ்க் பிரேக் தட்டின் வெளியோரத்திலும் இதே மேடு எழுகிறது. எஞ்சின் சிலிண்டரில் பிஸ்டன் வளையம் எட்டாத மேற்பகுதியிலும் உண்டு. பிஸ்டனை மேல்வழியாக எடுக்குமுன் அதைச் சீவி நீக்கத் தனிக் கருவியே இருக்கிறது. அதைத் 'தேய்வரப்புச் சீவி' என்றால் விளக்கம் தேவைப்படாது.

டிரம் சுற்றவே மறுத்தால் அது மூன்றாவது வகை: ஈரத்தில் நின்ற வண்டியின் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும், அல்லது கைப்பிரேக் கேபிள் உறையோடு இறுகியிருக்கும். இதற்கு 'ஷூ ஒட்டு', 'கேபிள் இறுக்கம்' என்று எளிதாக எழுதிவிடலாம்.

பதிவின் அடியில் ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டுகிறேன்: பழைய ஷூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும்; தூசியைக் காற்றடித்து ஊதாமல் நனைத்துத் துடைக்க வேண்டும்.

'துருக்கட்டு', 'தேய்வரப்பு' இரண்டுக்கும் உங்கள் ஒப்புதலையோ மறுப்பையோ எழுதுங்கள். 'வரப்பு' வேண்டாம் என்பவர்கள் மாற்றுச் சொல்லும் தர வேண்டும்.