எதிர்ப்பக்க நாற்காலியில் ஒரு பாட்டி

அந்த டேபிள் டென்னிஸ் மேட்சில் ஜெயித்தவன் என் பையன்தான், ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அவனோடு மோதிய பையனின் பாட்டி.

13 வயதுக்கு உட்பட்டோர் டேபிள் டென்னிஸ், ஐந்து செட் மேட்ச். அந்தப் பையனுக்கு அன்று கோச் வரவில்லை போல, அந்த நாற்காலியில் மடியில் ஒரு துண்டோடு பாட்டி உட்கார்ந்திருந்தார். நான் இந்தப் பக்கம். முதல் இரண்டு செட்டும் எங்களுக்கு, 11-8, 11-6. மூன்றாவதிலும் 5-1. சரி, முடிந்தது என்று பையைக் கட்டாத குறைதான்.

ஆறு பாயிண்டுக்கு ஒரு தடவை வியர்வை துடைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது இல்லையா, பிள்ளைகள் பாதிப் பேர் அதைக் கண்டுகொள்வதே இல்லை, அந்தப் பையனும் அழுகை முட்டிக்கொண்டு அப்படியே சர்வீஸ் போடப் போனான். பாட்டி துண்டைத் தூக்கிக் காட்டினார். வந்தான். "முகம், கழுத்து, அப்புறம் கை. மெதுவா துடை. ஸ்கோரை நான் பாத்துக்கறேன், அடுத்த ரெண்டு சர்வீஸ் உன்னுது, அதை மட்டும் நீ பாரு" என்றார். அவ்வளவுதான். பேக்ஹேண்டைப் பற்றியோ கால் வைப்பதைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை.

அந்த செட்டை 11-9 என்று அவன் எடுத்தான். நாலாவதில் 9-10 ஆனதும் நான் பதறிப்போய் டைம் அவுட் கேட்டேன். கிடைக்கிற ஒரே ஒரு நிமிடத்தில் ஐந்தாறு யோசனை சொல்லியிருப்பேன், என் பையன் என் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். 10-12, போச்சு.

ஐந்தாவது செட்டில் 5-3 என்று அவன் முன்னால் போனபோது பக்கம் மாறினார்கள். இப்போது என் பையன் பாட்டிக்குக் கிட்டே. மேசை விளிம்பில் பட்டுத் தெறித்த ஒரு பந்தை இவன் எப்படியோ திருப்பிப் போட்டுவிட்டான், அதற்குக் கை தட்டிய முதல் ஆள் அந்தப் பாட்டி! பேரன் முறைத்தான், அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 10-10க்கு மேல் ஆளுக்கு ஒரு சர்வீஸ் என்று இழுத்து, கடைசியில் 13-11.

தோற்ற பையன் நேராகப் போய்த் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். 'பரவாயில்லை', 'அடுத்த தடவை' என்றெல்லாம் பாட்டி சொல்லவில்லை. அவன் தலையை நிமிர்த்தும் வரை துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் பையனிடம் வந்து, "உன் சர்வீஸ் எந்தப் பக்கம் சுத்துதுன்னு எனக்கே கடைசி வரைக்கும் பிடிபடலப்பா" என்றார். அழுதுகொண்டிருந்தவன், "எனக்கும்தான் பாட்டி" என்று சொல்லிச் சிரித்துவிட்டான்.

"எனக்கே" என்றாரே என்று பேச்சுக் கொடுத்தேன். அவரும் ஆடியவராம். 2001க்கு முன்னால் ஒரு செட்டுக்கு 21 பாயிண்ட், ஆளுக்கு ஐந்தைந்து சர்வீஸ். "அஞ்சும் போனாக்கூட மீண்டு வர நேரம் இருக்கும். இப்ப 11லயே முடிஞ்சிடுது, சின்னப் பிள்ளைங்க மூச்சு விடறதுக்குள்ள செட்டே போயிடுது. அதான் துண்டு" என்றார்.

அடுத்த மேட்சில் நானும் வாயை மூடிக்கொண்டு துண்டை மட்டும் நீட்டுவது என்று தீர்மானித்தேன். முதல் செட் வரை தாங்கினேன். இரண்டாவதில் அம்பயர் என்னை எச்சரிக்க வேண்டியதாகிவிட்டது.