சுபாரு அவுட்பேக் தானம்: டோ டிரக் வந்து வண்டியை எடுக்காமல் போய்விட்டது. அவசர உதவி!

ஆறுமுகநேரி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அவுட்பேக்கைத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குத் தானமாகக் கொடுக்க எழுதிப்போட்டிருந்தோம். இன்று காலை டோ டிரக் வந்தது. டிரைவர் பேப்பரைப் பார்த்தார், எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போன் செய்தால் பேப்பர் சரியில்லை என்கிறார்கள், அதற்கு மேல் விவரம் இல்லை. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு சென்னைக்கே திரும்புகிறோம். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. என்ன செய்யலாம்? டாக்ஸில் எவ்வளவு கழிக்கலாம் என்றும் சொல்லுங்கள். இணையத்தில் 5,000 டாலர் விலை காட்டுகிறது.

பால்டிமோர்வாசி:
எந்த மாநிலம்? டைட்டில், அதாவது வண்டியின் உரிமைப் பத்திரம், யார் பேரில்? கடனில் வாங்கிய வண்டியா? இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

ரெஞ்சு:
எந்த வருஷ மாடல், எத்தனை மைல்? அவுட்பேக் 2.5 லிட்டரில் 2012 மாடல் வரை இஜே25 எஞ்சின்தான். ஹெட் கேஸ்கெட் (எண்ணெய் கசியாமல் எஞ்சினுக்குள் அடைக்கும் தகடு) கசிவது அதன் பரம்பரை வியாதி. டிரைவர் அடியில் எண்ணெயைப் பார்த்திருப்பார், பேப்பர் என்பது சாக்கு. வண்டிக்கு அடியில் ஒரு அட்டையைப் போட்டு, காலையில் பாருங்கள்.

கணக்கன்:
விலைப் பட்டியலில் 5,000 என்று இருப்பதால் 5,000 கழிக்க முடியாது. 2005 முதல் விதி மாறிவிட்டது. 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமானால், தொண்டு நிறுவனம் அந்த வண்டியை என்ன விலைக்கு விற்றதோ அதுதான் உச்சவரம்பு. ஏலத்தில் 1,400க்குப் போனால் உங்களுக்கு 1,400. விற்ற 30 நாளுக்குள் 1098-சி ஃபார்ம் அனுப்புவார்கள், அதில் தொகை இருக்கும். 500க்குக் கீழே விற்றால் 500 அல்லது சந்தை மதிப்பு, எது குறைவோ அது. இதெல்லாம் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டுபவர்களுக்கு மட்டுமே. அப்படிக் காட்டாதவர்களுக்கு மொத்தமாக ஒரு நிலையான கழிவு உண்டு, 2025க்குக் கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் அது 31,500 டாலர். வீட்டுக் கடன் வட்டி பெரிதாக இல்லாதவர்களில் பெரும்பாலானோருக்கு வண்டி தானத்தால் வரியில் ஒரு சென்ட் கூடக் குறையாது.

பழையசோறு:
இதே கேள்வி இங்கே வருஷத்துக்கு நாலு முறை வருகிறது. கேட்பதற்கு முன்னால் பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மாநிலம் கூடச் சொல்லாமல் அவசரம் என்று தலைப்பு வைத்தால் எப்படி? தவிர, அவுட்பேக் போல நாலு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வண்டியை ஃப்ளாட்பெட்டில்தான், அதாவது வண்டியை முழுதாகச் சுமக்கும் லாரியில்தான், ஏற்ற வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்தால் சென்டர் கிளட்ச் போய்விடும். சாதாரண டோ டிரக்கை அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான் விஷயம்.

பால்டிமோர்வாசி:
பழையசோறு ஐயா, வீடு காலி செய்யும் பதற்றத்தில் இருப்பவரிடம் இந்தத் தொனி வேண்டாமே. ஃப்ளாட்பெட் பிரச்சினை என்றால் பேப்பர் சரியில்லை என்று எதற்குச் சொல்கிறார்கள்?

ஆறுமுகநேரி:
மன்னிக்கவும், பேக்கிங்கில் இருக்கிறேன். மேரிலாண்ட். 2011 மாடல், 1,48,000 மைல். டைட்டில் என் பேரில்தான். கடனை எப்போதோ அடைத்தாகிவிட்டது.

பால்டிமோர்வாசி:
அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். மேரிலாண்டில் முன்பெல்லாம் கடன் இருக்கும்போதே டைட்டிலை நம் கையில் கொடுத்துவிடுவார்கள். அதில் வங்கியின் பேர் அச்சாகியிருக்கும். கடன் தீர்ந்ததும் வங்கி லீன் ரிலீஸ் என்று ஒரு தனித்தாள் அனுப்பும். டைட்டிலும் அந்தத் தாளும் சேர்ந்தால்தான் வண்டி முழுக்க உங்களுடையது. டைட்டிலின் முன்பக்கத்தில் வங்கி பேர் இருக்கிறதா பாருங்கள். தாள் கிடைக்காவிட்டால் வங்கிக்கு எழுதுங்கள், அது வேறு வங்கியோடு இணைந்திருந்தால் இப்போது இருக்கும் வங்கியிடம் கேளுங்கள்.

கையெழுத்து போடும்போது வாங்குபவர் இடத்தைக் காலியாக விடாதீர்கள். தொண்டு நிறுவனத்தின் பேரை நீங்களே எழுதுங்கள். காலியாக விட்டால் அந்த வண்டி யார் யார் கைக்கோ போய், சுங்கச்சாவடி பில் உங்கள் பேருக்கு வரும்.

தென்னைமரம்:
எனக்கு ஒரு சந்தேகம். எதற்கு வண்டியாகக் கொடுக்க வேண்டும்? நீங்களே 3,500க்கு விற்று, பணத்தை நன்கொடையாகக் கொடுங்கள். வண்டி தானம் என்று வாங்கும் பெரும்பாலான இடங்களில் நடுவில் ஒரு ஏஜென்சி இருக்கிறது. டோ செலவு, ஏல கமிஷன் எல்லாம் கழித்த மிச்சம்தான் தொண்டுக்குப் போகும்.

கணக்கன்:
வரிக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 2026 முதல் தனித்தனியாகக் காட்டாதவர்களும் பண நன்கொடையில் தனிநபர் 1,000, தம்பதி 2,000 டாலர் வரை கழிக்கலாம். வண்டி பணமாகாது, அதனால் இந்தச் சலுகை அதற்குக் கிடையாது.

பால்டிமோர்வாசி:
விற்பது அவ்வளவு லேசா? மேரிலாண்டில் பழைய வண்டியை வாங்குபவர் பதிவு செய்யப் பாதுகாப்புச் சோதனைச் சான்றிதழ் வேண்டும். 15 வருஷ வண்டியில் சஸ்பென்ஷன் புஷ், பிரேக், டயர் என்று பட்டியல் நீளும். ஆல் வீல் டிரைவ் என்பதால் நாலு டயரும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஆகாது. கிளம்புகிற மாதத்தில் முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்கு வரவழைத்துப் பேரம் பேச யாரால் முடியும்?

எல்லாத் தொண்டும் ஏலத்துக்கே அனுப்புவதில்லை. இதே மாநிலத்தில் வெஹிகிள்ஸ் ஃபார் சேஞ்ச் 1999 முதல் நடக்கிறது. வரும் வண்டிகளில் நல்லவற்றைப் பழுது பார்த்து, பஸ் போகாத இடத்தில் வேலைக்குப் போக வேண்டிய குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்கிறார்கள். அப்படி ஒரு குடும்பத்துக்குப் போனால் ஏல விலை வரம்பு கிடையாது, சந்தை மதிப்பையே கழிக்கலாம். வரி கிடைக்காவிட்டாலும் நான் வண்டியாகத்தான் கொடுப்பேன். பனியில் இரவு ஷிஃப்டுக்குப் போகிற ஒருவருக்கு நாலு சக்கரமும் பிடித்து ஓடும் வண்டி எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

தென்னைமரம்:
எல்லா வண்டியும் குடும்பத்துக்குப் போகாது, மற்றவை விற்பனைக்குத்தான். 2011 வண்டி எந்தப் பக்கம் போகும் என்று உறுதியில்லை.

பால்டிமோர்வாசி:
விற்றாலும் அந்தப் பணம் பழுது பார்க்கும் செலவுக்குத்தான் போகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.

ரெஞ்சு:
குடும்பத்துக்குக் கொடுப்பதானால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்காமல் கொடுப்பது தர்மமில்லை. அந்த எஞ்சினில் டைமிங் பெல்ட்டும் 1,05,000 மைலில் மாற்றியிருக்க வேண்டும். மாற்றிய ரசீது இருந்தால் டைட்டிலோடு சேர்த்துக் கொடுங்கள்.

பழையசோறு:
நம்பர் பிளேட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. மேரிலாண்டில் பிளேட் வண்டியோடு போகக்கூடாது. கழற்றி எம்விஏவிடம் (மாநில வாகனப் பதிவு அலுவலகம்) ஒப்படைத்து, ரசீது வாங்கிய பிறகுதான் இன்ஷூரன்ஸை நிறுத்த வேண்டும். முதலில் இன்ஷூரன்ஸை நிறுத்தினால் அபராதம் வரும், சென்னைக்குப் போனாலும் துரத்தும்.

ஆறுமுகநேரி:
டைட்டிலில் வங்கி பேர் இருந்தது. லீன் ரிலீஸ் தாள் பழைய டாக்ஸ் ஃபைலில் கிடைத்தது. இன்று வந்து எடுத்துக்கொண்டார்கள், ஃப்ளாட்பெட்தான். பிளேட் கொடுத்தாயிற்று. எல்லோருக்கும் மிக்க நன்றி.

கணக்கன்:
நல்லது. 1098-சி இந்திய முகவரிக்கு வராமல் போகலாம். இங்கே இருக்கும் நண்பர் முகவரியையும் ஒரு மின்னஞ்சலையும் இன்றே அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

தென்னைமரம்:
அந்தத் தாள் வந்ததும், ஏலமா குடும்பமா, எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள்.

ரெஞ்சு:
பெல்ட் மாற்றிய ரசீதைக் கொடுத்தீர்களா?