உருளைக்கிழங்கு காய்கறியா? சலீம் பாயின் மாட்டுக்கறி ஆணத்துக்கு மறுப்பு

பிடோக்_ராவியா:
நேத்து சலீம் பாய் மாட்டுக்கறி உருளைக்கிழங்கு ஆணம் (குழம்பு) செய்முறை போட்டிருந்தார். கீழ ஒரு வரி: "கறி, கிழங்கு, கேரட், பீன்ஸ் எல்லாம் ஒரே சட்டியில இருக்கு, தனியா காய் சமைக்கவே வேணாம்." இத நம்பி நாலஞ்சு பேர் "இனிமே இதுதான்"னு எழுதியிருக்காங்க. எனக்கு வயிறு எரியுது. உருளைக்கிழங்கு காய் இல்ல பாய். அது மாவுச்சத்து, சோத்துப் பக்கம்.

இன்னைக்குக் காலையில உங்க அளவையே எடுத்து தராசுல வச்சேன். அரை கிலோ கறி, 4 கிழங்கு, 1 கேரட், ஒரு கைப்பிடி பீன்ஸ், அஞ்சு பேருக்கு. கிழங்கு மட்டும் 600 கிராம். கேரட் 80, பீன்ஸ் 50. அஞ்சால வகுத்தா ஆளுக்கு 26 கிராம் காய். ரெண்டு கரண்டி கூட வராது. உலகச் சுகாதார நிறுவனம் பழமும் காயும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 கிராம் கேட்குது. உருளைக்கிழங்கு, சக்கரவள்ளி, மரவள்ளி எல்லாம் அந்தக் கணக்குல சேராதுன்னும் சொல்லியிருக்கு.

ஈசூன்_சலீம்:
ராவியா ராத்தா, ஒண்ணு கேக்குறேன். தேக்கா மார்க்கெட்டுல உருளைக்கிழங்கு எந்தக் கடையில இருக்கு? அரிசிக் கடையிலயா, காய்கறிக் கடையிலயா? எங்கம்மா அம்பது வருஷமா இந்த ஆணம் வச்சவங்க. நாங்க எட்டுப் பிள்ளைங்களும் நல்லாத்தான் வளர்ந்தோம்.

கறியில ஆளுக்கு 20 கிராம் புரதம் வருது. இரும்புச்சத்து, துத்தநாகம், பி12 எல்லாம் இருக்கு. பி12 எந்தக் காயிலயும் கிடைக்காது. அத ஏன் எழுதல?

பிடோக்_ராவியா:
கறியப் பத்தி நான் ஒரு குறையும் சொல்லல. நான் கேட்டது கிழங்கப் பத்தி. காய்கறிக் கடையில முட்டையும் ஊறுகாயும் கூடத்தான் இருக்கு. அதெல்லாம் காயா?

தோபாயோ_கதிர்:
ஒரு சின்னத் திருத்தம். அமெரிக்க அரசாங்கத்தோட உணவுத் தட்டுக் கணக்குல உருளைக்கிழங்கு காய்கறிதான். 'மாவுச்சத்துள்ள காய்கறி'ன்னு தனிப் பிரிவே வச்சிருக்காங்க. அதனால சலீம் அண்ணன் சொன்னது முழுத் தப்பு இல்ல.

பிடோக்_ராவியா:
நாம இருக்கிறது சிங்கப்பூர்ல தம்பி. இங்க சுகாதார மேம்பாட்டு வாரியத்தோட தட்டுப் படத்தைப் பாருங்க: பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு கறி மீன், கால் தட்டு சோறு ரொட்டி. 180 கிராம் கிழங்கை அரைக் கிண்ணம் சோத்துக்குச் சமமா வச்சிருக்காங்க. சலீம் பாய் ஆணத்துல ஆளுக்கு 120 கிராம் கிழங்கு. அதுக்கு மேல ஒரு தட்டு சோறு. சோத்துக்குச் சோறே தொட்டுக்க!

ஈசூன்_சலீம்:
நான் எங்க சோறு போடச் சொன்னேன்? ரொட்டியோட சாப்பிடலாம்னு எழுதியிருக்கேன். படிக்காமலே சண்டைக்கு வர்றீங்க.

பிடோக்_ராவியா:
ரொட்டி என்ன கீரையா பாய்?

ஜூரோங்_மலர்:
ரெண்டு பேரும் ஒரு விஷயத்த விட்டுட்டீங்க. கிழங்குல வைட்டமின் சி இருக்கு. வேக வைக்கும்போது ஓரளவு அழியும், கொஞ்சம் தண்ணியில இறங்கும். ஆனா ஆணத்துல அந்தத் தண்ணியையும் நாம சாப்பிட்டுடறோம். அது இரும்புச்சத்து உடம்புல ஏற உதவும். கேரட்டுல இருக்கிற பீட்டா கரோட்டின் (உடம்புல வைட்டமின் ஏ ஆகிறது) ஏற கொழுப்பு வேணும், அது கறியில இருக்கு. இந்தச் சேர்க்கை நல்ல சேர்க்கைதான். ஆனா சாப்பிட்ட கையோட தே குடிச்சா இரும்பு ஏறாது.

உட்லண்ட்ஸ்_பாய்:
மலர், தே தடுக்கிறது பெரும்பாலும் பருப்பு, கீரையில இருக்கிற இரும்பைத்தான். இறைச்சி இரும்புக்கு அவ்வளவு பாதிப்பு இல்ல. அரைகுறையா எழுதாதீங்க.

அப்புறம் சலீம், நீங்க உறைஞ்ச பிரேசில் கறி வாங்கியிருக்கீங்க, படத்துலயே தெரியுது. கேலாங் சிராய் மார்க்கெட்டுல ஆஸ்திரேலியா கறி வாங்கியிருந்தா ஆணம் இப்படித் தண்ணியா நிக்காது.

ஈசூன்_சலீம்:
உறைய வச்சா புரதம் எங்கயும் ஓடிடாது பாய். ஆணம் தண்ணியாத்தான் இருக்கணும், எங்க கடையநல்லூர் பக்குவம் அது. உங்க வீட்டுல வைக்கிறது பிரட்டல்.

பிடோக்_ராவியா:
கடையநல்லூர்னு சொன்னதும் ஞாபகம் வருது. போன ரமலான்ல நான் போட்ட மசாலா அளவு, ஒரு பங்கு சோம்பு ரெண்டு பங்கு மல்லி, அத அப்படியே எடுத்து "எங்கம்மா அளவு"ன்னு போட்டது யாரு? அப்ப பெருநாள் நேரம்னு பேசாம இருந்தேன்.

ஈசூன்_சலீம்:
சோம்பும் மல்லியும் உங்க சொத்தா? ஊர்ல எல்லா வீட்டுலயும் அதே அளவுதான்.

தோபாயோ_கதிர்:
மறுபடியும் சொல்றேன், அமெரிக்கக் கணக்குல உருளைக்கிழங்கு...

உட்லண்ட்ஸ்_பாய்:
கதிர், நீங்க மாட்டுக்கறியே தொடமாட்டீங்க. இதுல உங்களுக்கு என்ன வேலை?

தோபாயோ_கதிர்:
கறி தொடமாட்டேன், கிழங்கு தினமும் தின்கிறேன். இங்க பேச்சே கிழங்கப் பத்தித்தான். ஏன் நான் பேசக்கூடாது?

பிடோக்_ராவியா:
தம்பி பேசட்டும். ஆனா தப்பாப் பேசுறார்.

நான் ஏன் இவ்வளவு கத்துறேன்னு சொல்லிடறேன். எங்க வீட்டுல அவுகளுக்குச் சர்க்கரை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால நானும் இப்படித்தான் நினைச்சேன். கறியில கிழங்க அள்ளிப் போட்டு, "காய் சாப்பிட்டாச்சு"ன்னு கீரையை நிறுத்திட்டேன். ஒரு நாள் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு விரல்ல குத்திப் பார்த்தா சர்க்கரை 13.8 மில்லிமோல், ரொம்ப அதிகம். அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கிட்டு அடுப்படியிலயே உட்கார்ந்துட்டேன். சட்டியில மிச்சம் கிடந்த கிழங்கு கண்ணு முன்னாலயே இருக்கு. இப்ப அதே ஆணத்துக்கு 1 கிழங்கு, 3 கேரட், முருங்கைக்காய், கத்திரிக்காய், பக்கத்துல ஒரு கிண்ணம் கங்கோங் கீரை. கறியும் வாரத்துக்கு ரெண்டு நாள்தான். சமைச்ச சிவப்பு இறைச்சி வாரம் 500 கிராமைத் தாண்டக்கூடாதுன்னு உலகப் புற்றுநோய் ஆய்வு நிதியம் சொல்லுது.

ஜூரோங்_மலர்:
ராத்தா, அவுகளுக்கு இப்ப எப்படி இருக்கு?

பிடோக்_ராவியா:
இப்ப பரவாயில்ல மலர். ஆனா கிழங்கு காய் இல்ல.

ஈசூன்_சலீம்:
அண்ணன் நல்லா இருக்கட்டும், துவா செய்றேன். ஆனா சர்க்கரை உள்ளவங்களுக்குன்னு நான் எழுதலையே. வேலைக்குப் போற, சைட்டுல நிக்கிற பையன்களுக்கு எழுதினேன். அவங்க ராத்திரி எட்டு மணிக்கு வந்து மூணு சட்டி வைப்பாங்களா? கிழங்குல பொட்டாசியம் இருக்கு, தோலோட போட்டா நார்ச்சத்தும் இருக்கு. அதனால அது காய்தான்.

பிடோக்_ராவியா:
உங்க படத்துல தோல் சீவியிருக்கு பாய். பெரிசாக்கிப் பார்த்தேன்.

உட்லண்ட்ஸ்_பாய்:
நானும் பார்த்தேன். பிரேசில் கறிதான்.

ஈசூன்_சலீம்:
வெள்ளிக்கிழமை மறுபடி வச்சுப் படம் போடுறேன். கிழங்கு அஞ்சு போடுவேன்.

பிடோக்_ராவியா:
போடுங்க. கேரட் எத்தனைன்னும் எழுதுங்க. தராசு என்கிட்ட இருக்கு.