மார்கழிக் காற்றில் மிதிவண்டி: நிறுத்துவதா, தொடர்வதா?

எல்லையோரன்:

வணக்கம். நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் குடியிருக்கிறேன். வேலை, எல்லை ஊரான வேலந்தாவளத்தைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள ஒரு மில்லில். ஒரு வழிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். பெரும்பாலும் வடகிழக்காகப் போகும் சாலை. பங்குனியில்தான் மிதிவண்டியில் போகத் தொடங்கினேன். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியதால், இவ்வளவு எளிதான காரியத்தையா இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்டோம் என்று நினைத்தேன். கார்த்திகை பிறந்ததும் காற்று திரும்பிவிட்டது. இப்போது காலையில் எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நகர மறுக்கிறது. ஏழரை மணி ஷிப்டுக்குள் நுழையும்போதே தொடை நடுங்குகிறது. அதைவிட, லாரி கடந்து போகும் நேரத்தில் வண்டி தானாகவே சாலையின் நடுப்பக்கம் சாய்கிறது. இணையத்தில் தேடினால் ஆணி பதித்த டயர், கம்பளிக் கையுறை என்று பனி உறையும் நாடுகளுக்கான அறிவுரைகளே கிடைக்கின்றன. தை முடியும்வரை பேருந்துக்கு மாறிவிடலாமா?

பனங்காட்டான்:

தம்பி, நான் நம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மிதிவண்டி மிதித்தவன். வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் அளவுக்குத் திறந்து கிடக்கும் வாசலில் நாம் குடியிருக்கிறோம். வடகிழக்குப் பருவத்தில் கீழ்க்காற்று முழுவதும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு மேற்கே பாய்கிறது. நம் கார்த்திகை மலையாளிகளுக்கு விருச்சிகம் என்பதால் இதை அவர்கள் விருச்சிகக் காற்று என்பார்கள். இதனோடு போட்டி போட்டு யாரும் வென்றதில்லை.

கணக்கைப் பாருங்கள். காற்றின் தடை, எதிரே வந்து மோதும் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். காற்றில்லாத நாளில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், 15 கிலோமீட்டர் எதிர்காற்றிலும் அதே வேகத்தைப் பிடிக்க முயன்றால் தடை நான்கு மடங்காகிறது. காற்றுக்காக ஒவ்வொரு நொடியும் உடல் செலவிடும் ஆற்றலும் நான்கு மடங்கு. வேகத்தை 10-க்குக் குறைத்தால் அந்த நொடிச் செலவு இரண்டு மடங்குக்கும் கீழே இறங்கிவிடும். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இதனால் கூடுவது 24 நிமிடம்தான். ஆகவே முன்னதாகப் புறப்படுங்கள். ஆடி மாதத்து வேகத்தை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

லாரி விஷயம் உங்கள் கைத்தடுமாற்றம் அன்று. நீங்கள் வடகிழக்காகப் போகையில் காற்று வலது முன்புறத்திலிருந்து அடிக்கிறது. உங்களை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து அதைத் தாங்கிக்கொண்டு போகிறீர்கள். முந்திச் செல்லும் லாரியும் வலப்பக்கமே வருவதால் ஒரு நொடி காற்றை மறைத்துவிடுகிறது. தாங்கிய சுவர் திடீரென்று விலகியதுபோல வண்டி லாரியை நோக்கிச் சாய்கிறது; லாரி கடந்ததும் காற்று மறுபடி அறைந்து இடப்பக்கம் தள்ளுகிறது. எனவே சாலையின் ஓர விளிம்பை ஒட்டி ஓட்டாமல் இடப்பக்கம் ஒரு முழமாவது மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் லாரிச் சத்தம் கேட்டால் மிதிப்பதை நிறுத்தி, கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்துக் குனிந்துகொள்ளுங்கள். மாலையில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் காற்று அப்போது இடது பின்புறத்திலிருந்து வருகிறது. லாரி அதை மறைப்பதில்லை.

சைக்கிள் கடைக்காரன்:

பெரியவர் சொன்ன கணக்கு சரி. ஆனால் 24 நிமிடம் முன்னதாகப் புறப்படுவது என்றால் இருட்டில் புறப்படுவது என்று பொருள். இப்போது சூரியன் 6.40-க்கு மேல்தான் வருகிறது. அந்த நேரத்தில் நம் சாலைகளில் இரவு முழுவதும் ஓட்டிக் களைத்த ஓட்டுநர்களோடு சபரிமலை வண்டிகள் வருகின்றன. சித்தூர்த் தோப்புகளிலிருந்து மற்ற மாவட்டங்களுக்குக் கள் ஏற்றிப் போகும் வண்டிகளும் நிதானமாகப் போவதில்லை. பின்பக்கச் சிவப்பு விளக்கு இல்லாமல் புறப்படாதீர்கள். டைனமோ விளக்கு மட்டும் போதாது, எதிர்காற்றில் மெதுவாகப் போகும்போது அது மங்கிவிடும்.

உங்களுடையது கியர் இல்லாத வண்டி என்றால் ஒரு சிறிய மாற்றம் பெரிய உதவி செய்யும். பின்சக்கரத்தில் சங்கிலி மாட்டும் பல்சக்கரம், அதாவது ஃப்ரீவீல், பெரும்பாலும் 18 பல்லோடு இருக்கும். அதை எடுத்துவிட்டு 22 பல் போடுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் தேவைப்படும் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு மிச்சமாகும். பின்சக்கரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ள வேண்டியிருக்கும். இடம் போதாவிட்டால் சங்கிலியில் ஒரு கண்ணி சேர்க்கலாம். தூக்குப்போசியைக் கைப்பிடியில் மாட்டுகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். பக்கக்காற்றில் அது ஆடி ஹேண்டிலைத் திருப்பும். பின் கேரியரில் கட்டுங்கள்.

தேயிலைமலை:

நான் தேவிகுளத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே சில ஆண்டுகளில் தை மாத விடியலில் புல்லின் மேல் உறைபனி படியும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் விரல்கள் மரத்துப்போய், பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே தெரியாது. உங்கள் ஊரில் குளிர் அவ்வளவு இல்லை. கம்பளியை அடுக்கினால் வியர்த்து, நின்றதும் நடுங்குவீர்கள். சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்தாலே எதிர்காற்று உறைக்காது, சேர்ந்ததும் எடுத்துவிடலாம். அது வறண்ட காற்று என்பதால் வியர்வை தெரியாமலே உலரும். தாகமில்லை என்று தண்ணீரைத் தவிர்க்காதீர்கள். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். மழலையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோல மெதுவாகப் போக மனம் ஒப்பாத நாளில் பேருந்தில் ஏறிவிடுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

எல்லையோரன்:

அனைவருக்கும் நன்றி. 22 பல் போட்டு இரண்டு வாரமாகிறது. 6.05-க்குப் புறப்படுகிறேன், காற்று மிகுந்து ஊளையிட்ட இரண்டு நாள் மட்டும் பேருந்தில் போனேன். லாரி வரும்போது மிதிப்பதை நிறுத்துவது கைவந்துவிட்டது. ஆனால் மாலையில் காற்று தள்ளும்போது 22 பல்லில் கால்கள் வெறுமனே சுற்றுகின்றன. ஆனி பிறந்ததும் பழைய 18 பல்லையே மாட்டிவிடலாமா?

சைக்கிள் கடைக்காரன்:

வேண்டாம். அப்போது காலையில் காற்று தள்ளும். ஆனால் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தபின் வீடு திரும்பும் மாலையில் அது எதிரே வரும். 22 பல்லே இருக்கட்டும். பழையதைத் துடைத்து எண்ணெய் தடவிப் பொதிந்து வையுங்கள். பிள்ளைகளின் வண்டிக்கு ஆகும்.