குடும்பமே டிவி ஷோ, பிள்ளைகளின் சம்பளம் யாருக்கு?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 19 பிள்ளைகளோடு பக்தியே வாழ்க்கை என்றிருந்த டகர் குடும்பத்தை டிஎல்சி சேனல் 2008 முதல் 2015 வரை காட்டியது, அதில் வளர்ந்த மகள் ஜில் பல வருஷம் தனக்குக் காசே வரவில்லை என்று 2023-ல் புத்தகமே எழுதிவிட்டார். எங்கள் சபையிலும் ஒரு பெரிய குடும்பம் பிள்ளைகளின் ஜெபம், அழுகை எல்லாவற்றையும் யூடியூபில் போடுகிறது. இங்கே சட்டம் ஏதும் உண்டா?

பதில் (கடலூர்):
உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017 விதிகளின்படி, பிள்ளைகள் நடிக்கும் ஷூட்டிங்குக்குக் கலெக்டர் அனுமதி வேண்டும், ஒரு நாளில் 5 மணி நேரம்தான், வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கி டெபாசிட்டாகப் போக வேண்டும். ஆனால் அப்பாவே கேமரா பிடித்தால் யார் போய்க் கேட்பது?

பதில் (லாஸ்பேட்டை):
பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த அழுகை வீடியோவை நாளைக்குக் கல்லூரியில் எவனாவது தேடி எடுத்துக் கிண்டல் செய்வான். பிரான்சில் 2020-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், பிள்ளையே கேட்டால் வீடியோவைத் தூக்கியாக வேண்டும், பெற்றோர் சம்மதம்கூடத் தேவையில்லை.

கேட்டவர்:
சரி, அந்தக் குடும்பத்து அக்காவிடமே நாசூக்காகப் பேசிப் பார்க்கிறேன். பாஸ்டர் காதில் போட்டால் வேறு மாதிரி ஆகிவிடும்.